மூன்றெழுத்துத் தமிழ், பதினைந்து பைட்: டோக்கன் என்றால் என்ன?

அப்பா பல வருஷமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறவர். விதைநெல் என்ன விலை, நடவுக்கு வந்தவர்களுக்கு என்ன கூலி, ஆற்றில் எந்தத் தேதி தண்ணீர் வந்தது, போர்செட் மோட்டார் எப்போது எரிந்தது, எல்லாம் அதில் இருக்கும். "மோட்டார் காயில் கட்டியது 2,400. டீ, பரோட்டா 60" என்கிற அளவுக்குத் துல்லியம். (எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் சுற்றுவதைத்தான் காயில் கட்டுவது என்பார்கள்.) பகலில் ஆபீஸுக்காக நிரல் எழுதும் நான் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்காக எதையாவது நோண்டிக்கொண்டிருப்பேன். இந்த நோட்டுகள்தான் என்னுடைய சமீபத்திய சைடு ப்ராஜெக்ட். ஊரில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து எல்லாவற்றையும் டைப் அடித்து வாங்கினேன். கேள்வி கேட்டால், நோட்டில் பொருத்தமான பதிவுகளைத் தேடி எடுத்து ஒரு ஏஐ மாடலிடம் கொடுத்து, பதிலைத் தமிழில் சொல்லவைக்கும் ஒரு சின்னக் கருவி. அவ்வளவுதான் திட்டம்.

முதல் கேள்வியை அப்பாவே கேட்டார். "மோட்டாருக்கு இதுவரைக்கும் எத்தனை தடவ காயில் கட்டிருக்கோம்?"

திரையில் வந்த பதில்: "உங்கள் குறிப்புகளின்படி மோட்டாருக்கு நான்கு முறை காயில் கட்டப்பட்டுள்ளது. முதல் முறை 2004ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இரண்டாவது முறை 2009ஆம் ஆண்"

அதோடு நின்றுவிட்டது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "2009ஆம் ஆண் யாருடா?" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "நாலு இல்ல, ஆறு தடவ."

இரண்டு குற்றச்சாட்டும் நியாயமானவை. தோண்டிப் பார்த்தபோது இரண்டுக்கும் காரணம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருந்தது: கணினி தமிழை எப்படித் துண்டு போடுகிறது என்பதில். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் டோக்கன். ஏஐயை வைத்து எதையாவது செய்துபார்க்க நினைக்கும் தமிழர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். ப்ராம்ட், அதாவது மாடலுக்கான கட்டளை, எழுதுவது எப்படி என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

ரேஷன் கடை டோக்கன்

டோக்கன் என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வந்தால் தப்பில்லை. வரிசையில் நிற்கும் வரைக்கும் உங்களுக்குப் பெயர் இருக்கும். டோக்கனை வாங்கிய பிறகு நீங்கள் 47. கடைக்காரர் 47ஐக் கூப்பிடுவார்; உங்கள் முகமோ பெயரோ அவருக்குத் தேவையில்லை.

மொழி மாடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. நாம் அனுப்பும் வாக்கியத்தை முதலில் ஒரு சின்ன நிரல் துண்டு துண்டாக வெட்டும். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பட்டியலில் ஓர் எண். மாடலுக்குப் போவது அந்த எண்கள் மட்டுமே. 'இந்த எண்களுக்கு அடுத்து எந்த எண் வரும்' என்று மாடல் கணிக்கும். வந்த எண்ணைப் பட்டியலில் பார்த்து மறுபடி எழுத்தாக மாற்றி நமக்குக் காட்டுவார்கள். அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொரு எண்ணாகத்தான் பதில் வளரும்.

ஆகவே மாடல் எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. 'மோட்டார்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பெரிய மாடல்கள்கூடச் சில சமயம் உளறுவதற்குக் காரணம் இதுதான். 47ஆம் டோக்கன்காரரின் பெயரில் எத்தனை எழுத்து என்று ரேஷன் கடைக்காரரிடம் கேட்டால் அவரும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்.

துண்டு என்பது முழுச் சொல்லாக இருக்கலாம், பாதிச் சொல்லாக இருக்கலாம், ஓர் எழுத்தாக இருக்கலாம். ஓர் எழுத்தில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம். தமிழுக்குச் சிக்கல் தொடங்குவது இந்தக் கடைசி வகையில்தான்.

ஓர் எழுத்து எப்படி மூன்றாகிறது

'தமிழ்' என்று எழுதிப் பார்ப்போம். நமக்கு அது மூன்று எழுத்து: த, மி, ழ். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அகர வரிசை தவிர மற்ற உயிர்மெய்க்கெல்லாம் யூனிகோடு தனி இடம் கொடுக்கவில்லை. அகர எழுத்தையும் உயிர்க்குறியையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுக்கும் டேஸ்16 என்றொரு முறையும் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. ஆனால் உலகம் யூனிகோடோடு போய்விட்டது.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் பைட், அதாவது 0 முதல் 255 வரையான ஓர் எண். கோப்பில் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது யூடிஎஃப்-8 என்ற முறையில். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், சாப்பாட்டு மேசை விரிப்புத் தாளில் போட்டுப் பார்த்த வடிவமைப்பு அது. ஆங்கில எழுத்துகளுக்குத் தலா ஒரு பைட் போதும். தமிழ்க் குறிகளுக்குத் தலா மூன்று. 'த' என்பது உள்ளே 224, 174, 164. புள்ளிக்குக்கூட மூன்று பைட் செலவு: 224, 175, 141. ஆக, மூன்றெழுத்துத் தமிழ் ஐந்து குறியாகி, பதினைந்து பைட்டாகிறது. 'மோட்டார்' நான்கெழுத்து, எட்டுக் குறி, இருபத்துநான்கு பைட்.

சரி, இந்தப் பைட்டுகளை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் வரிசை ரொம்ப நீளும். நீளம் கூடினால் கணக்கு கூடும், காசு கூடும். அதனால் அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒட்டி ஒரே துண்டாக்கிவிடுகிறார்கள். அந்த ஒட்டுவேலை பிலிப் கேஜ் என்பவர் 1994இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய வழிமுறையிலிருந்து வந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015 வாக்கில் அதை எடுத்து மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தினார்கள். பைட் இணைக் குறியாக்கம் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், செய்முறை கோலத்தில் புள்ளியை இணைப்பது மாதிரி. ஒரு தாளை எடுத்துக்கொண்டு நாமே செய்துவிடலாம்.

உலகத்திலேயே மூன்று சொல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: படிக்கிறேன், நடக்கிறேன், கேட்கிறேன். வசதிக்காகப் பைட்டை விட்டுவிட்டு எழுத்திலிருந்தே தொடங்குவோம். ப-டி-க்-கி-றே-ன், ந-ட-க்-கி-றே-ன், கே-ட்-கி-றே-ன். மொத்தம் பதினேழு துண்டு. பக்கத்துப் பக்கத்தில் அதிகம் வரும் ஜோடி எது? 'கி'யும் 'றே'வும் மூன்று தடவை வருகின்றன. ஒட்டு: 'கிறே'. மறுபடி எண்ணு. 'கிறே'வுக்குப் பக்கத்தில் 'ன்' மூன்று தடவை. ஒட்டு: 'கிறேன்'. இனி 'க்'கும் 'கிறேன்'உம் இரண்டு தடவை சேர்ந்து வருகின்றன. ஒட்டு: 'க்கிறேன்'. இப்போது பார்த்தால் ப-டி-க்கிறேன், ந-ட-க்கிறேன், கே-ட்-கிறேன். பதினேழு ஒன்பதாகிவிட்டது.

யாரும் இலக்கணம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் 'கிறேன்' என்ற நிகழ்கால விகுதிக் கூட்டம் தானாகவே ஒரு துண்டாகத் திரண்டுவந்திருக்கிறது. முதல் தடவை தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சின்ன சிலிர்ப்பு. ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். 'க்கிறேன்' என்று இலக்கணம் ஒத்துக்கொள்ளாத இடத்திலும் அது வெட்டியிருக்கிறது. அதற்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும்தான்.

எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு என்றால், எந்த மொழி எழுத்து அதிகம் குவிந்திருக்கிறதோ அந்த மொழிக்குத்தான் பெரிய துண்டுகள் கிடைக்கும். 2019இல் வந்த ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-2 மாடலின் பட்டியலில் 50,257 இடம். 256 பைட்டுகள், 50,000 ஒட்டுகள், உரை முடிந்ததைச் சொல்லும் ஒரு சிறப்புக் குறி. ஒட்டுகளைத் தீர்மானித்த உரை பெரும்பாலும் ஆங்கிலம். பந்தியில் முதல் வரிசையே எல்லா வடையையும் எடுத்துக்கொண்டது மாதிரி. தமிழுக்குப் பெரும்பாலும் ஒட்டாத பைட்டுகள்தான் மிச்சம்.

116லிருந்து 35க்கு

இதை யாரோ ஒருவரின் மனக்குறை என்று நினைக்கவேண்டாம். மாடல் செய்தவர்களே எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ ஒரு பட்டியல் போட்டது. 'என் பெயர் இது, நான் ஒரு புது வகை மொழி மாடல், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்பது போன்ற ஒரே அறிமுகத்தைப் பல மொழிகளில் எழுதி, பழைய பட்டியலில் எத்தனை டோக்கன், புதிதில் எத்தனை என்று காட்டியது. ஆங்கிலம் 27லிருந்து 24. தமிழ் 116லிருந்து 35. தெலுங்கு 159லிருந்து 45.

பழைய கணக்கில் ஆங்கிலத்தைப் போலத் தமிழுக்கு நான்கு மடங்குக்கு மேல் டோக்கன். மாடல் நிறுவனங்கள் பத்து லட்சம் டோக்கனுக்கு இவ்வளவு என்றுதான் விலை போடுகின்றன. உள்ளே போவதற்கு ஒரு விலை, வெளியே வருவதற்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. அதே செய்தியைத் தமிழில் சொன்ன ஒரே காரணத்துக்காக நூறு ரூபாய் வேலைக்கு நானூறு. காசு மட்டுமில்லை. மாடல் ஒரே நேரத்தில் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கும் டோக்கன்தான் அளவுகோல். ஜிபிடி-4 முதலில் வந்தபோது அந்த அளவு 8,192. ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் சொல் அதில் அடங்கும். தமிழில் அதே விஷயத்தின் கால் பங்குகூட அடங்காது. பதிலும் டோக்கன் டோக்கனாகத்தான் வரும் என்பதால் தமிழ் மெதுவாகவும் வந்தது.

இப்போது '2009ஆம் ஆண்' யார் என்று தெரிந்திருக்கும். பதில் நீண்டுகொண்டே போகக்கூடாது என்று 150 டோக்கன் என்று உச்சவரம்பு வைத்திருந்தேன். சோதனையெல்லாம் ஆங்கிலத்தில் செய்ததால் அது தாராளமாகவே இருந்தது. நான் அப்போது பயன்படுத்தியது பழைய பட்டியலை வைத்திருந்த மலிவான மாடல். தமிழில் 150 என்பது ஒன்றரை வாக்கியம். 'ஆண்டு' என்ற சொல்லில் 'டு' வருவதற்குள் கத்தி விழுந்துவிட்டது.

செலவைக் குறைக்க ஒரு குறுக்குவழியும் முயன்றேன். நோட்டு முழுவதையும் ஒருமுறை ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, பதிலை மட்டும் தமிழாக்கினால்? ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தேன். மோட்டாரைப் பழுக்காத காய் ஒன்றில் கட்டி வைத்ததாக ஒரு பதிவு. 'காயில்' என்பதைக் காய்க்குள் என்று புரிந்துகொண்டிருக்கிறது, பாவம். குறுவையும் தாளடியும் என்ன ஆயின என்று பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். மாடலுக்கு நான் கொடுக்கும் கட்டளைகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, நோட்டுப் பதிவுகளைத் தமிழிலேயே விட்டேன்.

வைரத்துக்குள் கேள்விக்குறி வரும் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டோக்கனை நான் முதலில் கண்ணால் பார்த்தது அங்கேதான். காசு போவது உறுத்தியதால், லேப்டாப்பிலேயே ஓடும் ஒரு திறந்த மாடலை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு டோக்கனும் வரவர அதை எழுத்தாக்கித் திரையில் காட்டும்படி நானே நாலு வரி எழுதினேன். ஆங்கிலம் அழகாக ஓடியது. தமிழுக்கு மாறியதும் எழுத்துக்கு நடுவே கறுப்பு வைரம், அதற்குள் வெள்ளைக் கேள்விக்குறி, வரிக்குப் பத்து. ஃபான்ட் பிரச்சினை என்று ஒரு மணி நேரம் வீணாக்கினேன். நடந்தது இதுதான்: 'த'வின் மூன்று பைட்டில் முதல் இரண்டு ஒரு டோக்கனிலும் மூன்றாவது அடுத்த டோக்கனிலும் வந்தன. என் நிரல் 224, 174 என்ற அரை எழுத்தை அப்போதே எழுத்தாக்கச் சொல்லி அடம்பிடித்தது. அரை எழுத்துக்கு உருவம் ஏது? கணினி கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. முழு எழுத்து சேரும் வரை பைட்டுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்புறம் காட்டினால் போதும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கென்றே ஆயத்தமான வழி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இந்தப் பிழை அநேகமாகக் கண்ணில் படாது.

காணாமல் போன இரண்டு காயில்

அப்பாவின் இரண்டாவது புகார் பாக்கி இருக்கிறது. நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி, ஆறு பதிவு. டைப் அடித்த கோப்பிலும் ஆறு இருக்கிறது. கண்ணால் பார்த்தால் ஆறிலும் அதே 'மோட்டார்'. தேடினால் நான்குதான் அகப்படுகிறது.

டிடிபி கடையில் பாதி நோட்டைப் பழைய ஃபான்டில் அடித்து, அப்புறம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஃபான்டுகளில் 'மோ' என்பதை முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ம, பின்னால் ஒரு கால் என்று மூன்று துண்டாக அடிக்கவேண்டும். யூனிகோடில் ஓகாரக் குறி முழுசாகவே ஒரு குறி. மாற்றிய மென்பொருள் அந்த ஒரே குறியைப் போடாமல் ஏகாரக் குறியையும் ஆகாரக் காலையும் தனித்தனியாகப் பக்கத்தில் வைத்துவிட்டது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே எட்டுக் குறியாக இருக்கவேண்டிய மோட்டார் ஒன்பது குறி. பைட் வேறு, ஆகவே டோக்கன் வேறு. தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொல். இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு ரேஷன் அட்டை.

இதற்கு மருந்து ஒரே வரி. யூனிகோடிலேயே இயல்பாக்கம் என்று ஒன்று இருக்கிறது; பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதில் என்எஃப்சி என்ற வகை வேண்டும். தமிழ்க் கோப்பு எதைக் கையில் எடுத்தாலும், முக்கியமாகப் பழைய ஃபான்டிலிருந்து மாறி வந்ததென்றால், முதல் வேலையாக இதை ஓடவிடுங்கள்.

ஒரு கேள்வி வரும். பட்டியலில் தமிழுக்கு இடம் இல்லை என்பதுதானே பிரச்சினை, இரண்டு லட்சம் தமிழ்ச் சொல்லைச் சேர்த்துவிட்டால் என்ன? சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் வாடகை உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடல் ஒரு நீண்ட எண் வரிசையை வைத்துக்கொள்ளவேண்டும். மெட்டா நிறுவனத்தின் லாமா-3இல், உள்ளே 800 கோடி எண்கள் கொண்ட மாடலை எடுத்துக்கொண்டால், 128,256 டோக்கன், ஒவ்வொன்றுக்கும் 4,096 எண். அந்த அட்டவணைக்கே 52 கோடி எண்களுக்கு மேல். அத்தோடு, தமிழில் 'வா' என்ற ஒரு வினையிலிருந்து வந்தான், வந்தவர்களிடம், வந்துகொண்டிருந்தபோது என்று ஆயிரக்கணக்கில் கிளைவிடும். எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்ற முடியாது. நடுவாக எங்கோ வெட்டத்தான் வேண்டும்.

அந்த நடுவைத் தேடிய நல்ல உதாரணம் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த தமிழ்-லாமா. லாமா-2இன் பட்டியலில் மொத்தம் 32,000 இடம்தான். அதோடு 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்து, மாடலைத் தமிழ் உரையில் மேற்கொண்டு பழக்கினார்கள். பட்டியலில் எண்ணைச் சேர்ப்பது சுலபம். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மாடலுக்குப் பழக்குவதுதான் வேலை. அதையும் முழு மாடலை அசைக்காமல், பக்கவாட்டில் சின்ன எண் அட்டவணைகளைச் சேர்த்துப் பழக்கும் லோரா என்ற சிக்கன முறையில் செய்தார்கள். சைடு ப்ராஜெக்ட் செய்கிற எல்லோரும் அந்த ஆய்வுக் கட்டுரையை ஒருமுறை புரட்டலாம்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் டிக்டோக்கன் என்ற பைத்தான் நூலகம் இலவசம். ஐந்து வரியில், ஜிபிடி-4இன் பழைய சிஎல்100கே பட்டியலிலும் ஜிபிடி-4ஓவின் புதிய ஓ200கே பட்டியலிலும் உங்கள் பெயரை வெட்டிப் பார்க்கலாம். நம் பெயர் எத்தனை துண்டாகிறது என்று பார்ப்பதில் ஒரு குரூரமான சுவாரசியம் இருக்கிறது. பேரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், கருவியில் உண்மையில் போகப்போகிற உரையிலிருந்து இருபது வாக்கியத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். நான் வரம்பை இப்போது அப்படித்தான் வைக்கிறேன்: தமிழில் எண்ணி, அதற்கு மேல் பாதி சேர்த்து. மாடலையும் மாற்றிவிட்டேன், புது மாடலில் தமிழ் பாதி விலைக்கும் குறைவாகவே ஓடுகிறது.

போன வாரம் அப்பா அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஆறு பதிவும் வந்தது, ஆண்டு எல்லாம் ஆண்டாகவே வந்தது. படித்து முடித்து, "ஏழு" என்றார். ஏழாவது தடவை எரிந்தது போன ஐப்பசியில். அதை இன்னும் நோட்டில் ஏற்றவில்லையாம்.